பக்கத்து ரூம் பையனும் அத்தை மகனும்

சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பழகியவர்கள் வளர்ந்ததும் காதலிக்கிற கதை என்றால் நம் ஆட்களுக்குக் கைக்குட்டை தேவைப்படுகிறது. 1953-ல் வந்த தேவதாஸை எடுத்துக்கொள்ளுங்கள் (மூலக்கதை சரத்சந்திரருடையது, வங்காளத்தில் 1917-லேயே புத்தகமாக வந்துவிட்டது). அப்புறம் 2002-ல் தங்கர் பச்சானின் அழகி. 2004-ல் சேரனின் ஆட்டோகிராப். 2018-ல் 96. ஊர் மாறும், பாட்டு மாறும். பள்ளிக்கூட வயதில் ஆரம்பித்தது கல்யாணத்தில் முடியாது என்பது மட்டும் மாறாது.

செம்பூரில் எங்கள் பில்டிங்கில் 96 பார்த்து அழாத தமிழ் வீடு கிடையாது. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சந்திக்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்கச் சென்னையில் பேசிக்கொண்டே சுற்றுகிறார்கள். விடிந்ததும் ஜானு சிங்கப்பூருக்குத் தன் குடும்பத்திடம் விமானம் ஏறிவிடுகிறாள். படம் முடிந்ததும் எங்கள் மாடியில் இருக்கும் ஒரு பெரியவர் சொன்னார்: "நல்ல படம் சார். கடைசி வரைக்கும் ஒரு தப்பும் நடக்கலை பாருங்க."

அந்த மனநிறைவு எனக்கு உறுத்தியது. நடக்காத காதலால் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. மண்டபம் பிடிக்க வேண்டாம். சம்பந்தி யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காரலாம். அதே பெரியவருடைய பேத்தி நாளைக்கு மூன்றாவது மாடிப் பையனைக் கைகாட்டினால் இதே கண்ணீர் வருமா என்று கேட்டுப் பாருங்கள். (நான் கேட்கவில்லை. ஒரே லிப்டில் போய் வர வேண்டியிருக்கிறது.)

96 வந்த அதே 2018-ல்தான் பா. ரஞ்சித்தின் காலாவும் வந்தது. அது தாராவிக் கதை. கரிகாலனும் ஜரீனாவும் கல்யாண நாள் வரைக்கும் வந்துவிடுகிறார்கள், அன்றைக்கு வெடிக்கும் வன்முறையில் எல்லாம் போய்விடுகிறது. பல வருஷம் கழித்து அவள் திரும்பி வரும்போது அவர் பேரன் பேத்தி எடுத்தவர். அங்கேயும் கைக்குட்டைதான்.

ஆதியிலிருந்தே நாம் இப்படித்தானா என்றால், இல்லை. குறுந்தொகையில் 229-வது பாட்டு, மோதாசனார் என்ற புலவர் பாடியது. ஊரைவிட்டுக் கிளம்பி ஒரு பையனும் பெண்ணும் பாலை வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். வழியில் அவர்களைப் பார்க்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுப்பான், அவள் இவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுவாள், வளர்த்த தாய்மார் விலக்கிவிட்டாலும் அடங்க மாட்டார்கள், இப்போது இரண்டு சரத்தைச் சேர்த்துக் கட்டின மாலை மாதிரிப் போகிறார்களே என்று ஆச்சரியப்படுகிறார்கள். அந்தச் சண்டைக்காரப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்த விதியைப் பாராட்டுகிறார்கள். ஆமாம், பாராட்டுகிறார்கள். யாரும் ஓடிப்போய்ப் பெண் வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

கலித்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று இருக்கிறது, 51-வது. நாம் கட்டின மணல் வீட்டைக் காலால் உதைத்தானே, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினானே அந்தப் போக்கிரி, அவன் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தான் என்று தோழியிடம் ஒருத்தி சொல்கிறாள். தண்ணீர் கொடுக்கப் போனவளின் கையைப் பிடித்துவிட்டான். அவள் அலற, அம்மா ஓடி வர, இவள் சட்டென்று மாற்றி, தண்ணீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கிக்கொண்டது என்று சொல்லிக் காப்பாற்றுகிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்க்கிறான். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தவர்கள் இன்னொரு தடவை பரீட்சை இல்லாமல் படித்துப் பாருங்கள்.

வெள்ளைக்காரர்களும் இதே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கனடாவில் எல்.எம். மான்ட்கோமரி 1908-ல் எழுதிய ஆன் கதையில், கில்பர்ட் என்ற பையன் வகுப்பில் அவள் சிவப்புச் சடையை இழுத்துக் "கேரட்" என்று கேலி செய்கிறான். அவள் சிலேட்டை அவன் தலையில் போட்டு உடைக்கிறாள். 1915-ல் வந்த மூன்றாவது புத்தகத்தின் கடைசியில்தான் அவனுக்குச் சம்மதம் சொல்கிறாள். நடுவில் ஒரு தடவை மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள். மோதாசனாரைப் படித்திருக்க வாய்ப்பே இல்லாத ஒரு அம்மாள் அதே தலைமயிர்ச் சண்டையிலிருந்து தொடங்குவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

அப்படியானால் நடுவில் நமக்கு என்ன ஆனது? என் கட்சி இது: சின்ன வயது சிநேகிதம் கல்யாணத்தில் முடிவதற்கு நம்மிடம் லைசென்ஸ் வாங்கிய ஆள் ஒருவன் ஏற்கெனவே இருக்கிறான். அத்தை மகன் (பெண்ணாக இருந்தால் மாமன் மகள்). ஒரே முற்றத்தில் விளையாடலாம், அடித்துக்கொள்ளலாம், பெரியவர்களே கேலி பேசி மனதில் விதை போடுவார்கள். இது பழங்கதை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 கல்யாணங்கள் உறவுக்குள் நடந்தவை. கூடப் படித்தவன், பக்கத்து வீட்டான் எல்லாம் அந்த இடத்துக்கு வரவே கூடாதவர்கள். அவர்கள் அழுவதற்கு.

இப்போது மும்பைக்கு வாருங்கள். இங்கே அத்தை மகன் எங்கே இருக்கிறான்? ஊரில் இருக்கிறான். மே மாத லீவில், நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் புழுங்கிப் போய், பத்து பதினைந்து நாள் பார்ப்பதோடு சரி. பன்னிரண்டு வயதில் இவள் பேசும் தமிழை அவன் கேலி செய்கிறான். பதினைந்து வயதில் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. ஆனால் சாலில் பக்கத்து ரூம் பையனுக்கு எல்லாம் தெரியும். இவளுக்குக் கணக்கில் எத்தனை மார்க், இவள் அப்பா எப்போது குடித்துவிட்டு வருவார், 2005 ஜூலை 26 வெள்ளத்தில் இவர்கள் வீட்டுச் சாமான்கள் எந்தெந்த மூலையில் மிதந்தன, எல்லாம். பத்துக்குப் பன்னிரண்டடி ரூமில் வாழ்கிறவர்களுக்குப் பாதி வாழ்க்கை வாசல் நடையில்தான். அத்தை மகன் இருக்க வேண்டிய இடத்தில் நாமே இந்தப் பையனைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம். வைத்துவிட்டு, அவன் கண்ணுக்குத் தெரியாத மாதிரி இருக்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாமல் இருக்க நாம் செய்கிற ஏற்பாடுகள் இருக்கின்றனவே, அது தனிக் கலை. முதல் ஏற்பாடு முறைச்சொல். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் அதிகமுள்ள சாலில் கொஞ்ச நாள் காது கொடுத்துக் கேட்டால் புரியும். பக்கத்து ரூம் அம்மாளைப் பிள்ளை "அத்தை" என்று கூப்பிட்டால் அவள் மகன் முறைப்பையன் ஆகிவிடுவான். "சித்தி" என்றால் அண்ணன் தம்பி. அதனால் நம்ம ஆட்களாக இருந்தால் ஒரு சொல், வேறு ஆட்களாக இருந்தால் வேறு சொல். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே பதினெட்டு வருஷத்துக்கு முன்ஜாக்கிரதை! மாட்டுங்கா, செம்பூர் பில்டிங்குகளில் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று எல்லோருக்கும் "ஆன்ட்டி" வந்துவிட்டது. ஆன்ட்டி மகன் என்ன முறை என்று எந்தப் பாட்டிக்கும் தெரியாது.

இரண்டாவது ஏற்பாடு ஊரில் கிடையாது, இங்கே வந்து கற்றுக்கொண்டது: ராக்கி. ஆகஸ்ட் மாதம் பள்ளிக்கூடத்தில் பெண்கள் கூடப் படிக்கும் பையன்கள் கையில் கயிறு கட்டுகிறார்கள். நம் வீட்டு அம்மாக்கள் இந்த ஒரு வடக்கத்திப் பண்டிகையை எவ்வளவு உற்சாகமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "அந்த எதிர் ரூம் பையனுக்கும் ஒண்ணு வாங்கிக்கோ" என்று காசு கொடுத்து அனுப்புவார்கள். அன்றைக்கென்று சில பையன்களுக்கு வயிற்றுவலி வந்து லீவு போடுவதும் உண்டு :-)

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். மும்பைக்கு வந்தபோது நாம் கொண்டுவந்த சாமான்களில் சாதியும் ஒன்று. சென்ட்ரல் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் மாட்டுங்காவில் பிராமணக் குடும்பங்கள். 1932-லேயே சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி என்று பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் தாராவியில் தோல் பதனிடும் வேலைக்கு வந்த திருநெல்வேலிச் சீமை மக்கள். தாராவிக்குள்ளேயும் ஊர் ஊராக, ஆள் ஆளாகத்தான் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சேரவிடாமல் செய்ததைத் தண்ணீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் ஓரளவுக்குக் கலைத்தன.

இதெல்லாம் கதைக்கு எவ்வளவு பெரிய சுரங்கம்! ஆனால் தமிழில் இதை யாரும் தோண்டக் காணோம். எழுத ஆள் இல்லாமல் இல்லை. நாஞ்சில் நாடன் மும்பையில் பல வருஷம் வேலை பார்த்தவர். மிதவையில் வேலை தேடி இங்கே வருகிறவனை எழுதினார், எட்டுத்திக்கும் மதயானையில் ஊரைவிட்டு ஓடிவந்தவனை எழுதினார். அம்பை இங்கேயேதான் வாழ்கிறார். ஆனால் ரயிலேறி வந்த தலைமுறையின் எழுத்தில் பால்யம் என்றால் அது ஊரில்தான் இருக்கும். குளம், வயல், பள்ளிக்கூடம், எல்லாம் அங்கே. மும்பை என்பது வேலைக்குப் போகும் இடம். இங்கேயே பிறந்து, பால்யத்தை சாலில் கழித்த தலைமுறையோ இங்கிலீஷிலும் இந்தியிலும் மராத்தியிலும் படித்தது. வீட்டில் தமிழ் பேசுவார்கள். எழுதச் சொன்னால் பெயர் எழுதுவார்கள். கதையை வைத்திருப்பவர்களிடம் எழுத்து இல்லை, எழுத்து வைத்திருப்பவர்களிடம் அந்தக் கதை இல்லை.

மிச்சம் இருப்பது குடும்பக் காதல் நாவல்கள். இவற்றை மட்டமாகப் பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. ரமணிசந்திரன் நாவல்களை வாடகைக்கு எடுத்துப் படித்துத்தான் இந்த ஊரில் எத்தனையோ பெண்களின் மத்தியானங்கள் கழிந்தன. குக்கர் விசிலுக்கு நடுவே தமிழ் எழுத்து மறக்காமல் இருந்ததற்கு அந்த நாவல்களும் காரணம். இப்போது பிரதிலிபி மாதிரித் தளங்களில் போனிலேயே தொடர்கதை ஓடுகிறது. சிறுவயதுத் தோழன் கணவனாகும் கதைகள் அங்கே நிறைய. நானும் சிலவற்றைப் படித்தேன் (வீட்டில் சிரித்தார்கள்). நம்பிக்கை கொடுக்கும் கதைகள்தான், சுபமாகத்தான் முடிகின்றன. ஆனால் நான் படித்தவற்றில் சாதி என்ற சொல்லே வரவில்லை. இருவர் வீட்டுச் சாமியும் ஒன்று, சமையலும் ஒன்று. அப்பா எதிர்ப்பார், இருபதாவது அத்தியாயத்தில் நெஞ்சுவலி வரும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைச் சேர்த்துவைப்பார். இன்னும் சிலவற்றில் அந்தத் தோழனே தூரத்துச் சொந்தம் என்று தெரியவரும். எதற்குப் பயந்தோமோ அது கதையிலேயே இல்லையென்றால், எதைத் தாண்டி ஜெயித்தார்கள்?

அந்தப் பயம் என்ன என்று தெரிய 2025 ஜூலை கடைசி வாரச் செய்தித்தாளைப் புரட்டினால் போதும். பாளையங்கோட்டையில் 27 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அவர் விரும்பிய பெண் வேறு சாதி. பள்ளிக்காலத்திலிருந்தே பழகியவர்கள் என்று செய்திகள் சொல்லின. கொலைக்காகக் கைதானவர் அந்தப் பெண்ணின் தம்பி. தாராவியிலும் செம்பூரிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சொந்த மாவட்டம், இல்லையென்றால் அடுத்த மாவட்டம். அந்த வாரம் இங்கே பேச்சு இரண்டு விதமாக இருந்தது. பிள்ளைகள் கொதித்தார்கள். பெரியவர்களில் பலர், "அதுக்குத்தான் சொல்றோம்" என்றார்கள். அந்தச் சாவுகூட அவர்களுக்குப் பிள்ளைகளை அடக்கிவைக்க ஒரு காரணமாகக் கிடைத்துவிட்டது.

இந்தப் பிள்ளைகளிடம் கொடுக்க நம்மிடம் இரண்டே கதைகள்தான் இருக்கின்றன. பிரிந்து போய் இருபது வருஷம் கழித்து அழு, இல்லாவிட்டால் வெட்டுப்படு. மூன்றாவது கதை நடக்காமலா இருக்கிறது? எனக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர். பெயர் வேண்டாம். தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், எதிர் ரூம் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். வேறு சாதி. எப்போது தெரிந்தது என்று கேட்டேன். "எப்போன்னு தனியா இல்ல சார். அவ பத்தாவது ரிசல்ட் வந்தப்போ அவங்க அம்மாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்க அம்மாகிட்ட ஓடி வந்து சொன்னா. நான் கதவுகிட்ட நின்னுட்டிருந்தேன். அவ்ளோதான்." பாட்டில்லை, மழையில்லை. இருவரும் வேலைக்குப் போனபிறகு கல்யாணம், ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவு. இருவரும் இந்து என்பதால், 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இருக்கிற 30 நாள் அறிவிப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காலாவின் ஜரீனா மாதிரி வேறு மதமாக இருந்திருந்தால் அந்த முப்பது நாளும் பெயர் நோட்டீஸ் போர்டில் தொங்கியிருக்கும்.

அப்புறம்தான் விசேஷம். இரண்டு அம்மாக்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வீடுகள் எதிரெதிரே, குழாய் ஒன்று. விடிகாலையில் தண்ணீர் வரும் நேரம் கொஞ்சம்தான். ஒருத்தி உள்ளே அடுப்பைப் பார்க்கப் போயிருந்தால் அவள் குடத்தை வரிசையில் நகர்த்திவைக்க யாராவது வேண்டும். இருபது வருஷப் பழக்கம். பேச்சுவார்த்தை இல்லாமலேயே ஒருத்தி குடத்தை இன்னொருத்தி நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷம் கழித்து மூன்றாவது வீட்டு அம்மாள் திருட்டு மோட்டார் போட்டுத் தண்ணீரை உறிஞ்சியதில் சண்டை வந்தது. அதில் சம்பந்திகள் இருவரும் ஒரே கட்சியில் நின்று கத்தினார்கள். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்றைக்கு வரைக்கும் ஓய்வில்லை என்று மருமகள் சொல்லிச் சிரித்தாளாம்.

இதைத்தான் எழுதுங்கள் என்கிறேன், தொடர்கதை எழுதுகிற சகோதரிகளே. நெஞ்சுவலி வேண்டாம், குழாயடி போதும். அதற்காக எல்லாக் கதையும் கல்யாணத்தில்தான் முடிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட வளர்ந்தவன் கேட்டான் என்பதற்காக அவள் சரி சொல்லியாக வேண்டும் என்பதில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே நடையில் நிம்மதியாகக் கோலம் போடுகிற பெண்ணையும் எழுதுங்கள். மாட்டேன் என்றவளைத் துரத்தித் துரத்தி மடக்குகிற நாயகன்களைத்தான் சினிமா போதுமென்கிற அளவுக்குக் கொடுத்துவிட்டதே. சீக்கிரமாகவும் எழுதுங்கள். 2022-ல் தாராவி மறுசீரமைப்பு டெண்டர் அதானி குழுமத்துக்குப் போனது. தகுதிப் பட்டியலில் வருகிறவர்களுக்கு அங்கேயே வீடு, மற்றவர்களுக்கு வேறு இடங்களில் என்பது திட்டம். எதிர் ரூம்கள் வேறு வேறு பட்டியலில் வந்தால் அந்த நடை அப்படியே இருக்காது.

சாதியையும் மறைக்காமல் எழுதுங்கள், அதன் கணக்கு வழக்கோடு. அந்த நண்பர் கதையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஊர்க்கோவில் கொடைக்கு மும்பையில் இருக்கிறவர்களிடமும் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் இவ்வளவு என்று. வரி கொடுத்தால்தான் அவன் ஊர்க்காரன். கல்யாணத்துக்கு முன்பு அவர் பெயர் அப்பாவின் தலைக்கட்டில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தனித் தலைக்கட்டாகச் சேர்க்க வேண்டும், சேர்க்கவில்லை. வருஷா வருஷம் வரி வாங்க வருகிறவர் அப்பாவுக்கு ரசீது போடுகிறார், அம்மா கொடுக்கிற காப்பியைக் குடிக்கிறார், எதிர் ரூமில் குடித்தனம் இருக்கும் மகனைப் பார்த்து வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்றுகூடக் கேட்கிறார். இவர் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் ரசீதுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த சாலுக்குப் போய்விடுகிறார்.